லைட்ரூம் கிளாசிக்கின் டயகனல், டிரையாங்கிள் கோடுகள்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

அடோபியின் போட்டோ திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் ஆர் விசையை அழுத்தி, படத்தை வெட்டுகிற கிராப்புக்குள் போனால் படத்தின் மேல் ஒன்பது கட்டம் வந்து விழும். பல வருடமாக லைட்ரூமில் வேலை பார்ப்பவர்கள்கூட அந்த ஒன்பது கட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். கிராப் திறந்திருக்கும்போதே ஓ விசையைத் தட்டிப் பாருங்கள். கட்டம் போய் வேறு கோடுகள் வரும், மறுபடி தட்டினால் வேறு. அந்த வரிசையில் டயகனல் என்று ஒன்று, டிரையாங்கிள் என்று ஒன்று இருக்கும். இந்த விமர்சனம் அந்த இரண்டைப் பற்றி மட்டும்தான். கலர் கிரேடிங், நாய்ஸ் குறைப்பு, மாஸ்க் இதெல்லாம் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாய்கோட்டை வைத்துப் படம் அமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பவருக்கு டிரையாங்கிள் நல்ல கருவி, டயகனல் அப்படி இல்லை. பெயரைப் பார்த்தால் நேர்மாறாகத்தான் தோன்றும். மெனுவில் பெயர் மட்டும்தான் இருக்கும், எந்தக் கோடு எதற்கு என்று அங்கே விளக்கம் கிடையாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் டயகனல். இதை ஆன் செய்தால் நான்கு மூலையிலிருந்தும் நான்கு கோடு கிளம்பும். மூலைக்கு மூலை போகாது, கவனியுங்கள். ஒவ்வொன்றும் மூலையின் 90 டிகிரியைச் சரிபாதியாகப் பிரித்து 45 டிகிரியில் போய் எதிரே இருக்கும் நீளமான விளிம்பில் முட்டும். டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமரா பெரும்பாலும் தருகிற 3:2 படத்தில் இதைப் புரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. படத்தின் இடது பக்கம் ஒட்டி ஒரு சதுரம், வலது பக்கம் ஒட்டி இன்னொரு சதுரம், இரண்டும் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் போட்ட மூலைவிட்டங்களை அந்த இரண்டு சதுரத்துக்கும் போட்டால் அதுதான் லைட்ரூம் காட்டுகிற டயகனல்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பது முக்கியம், ஏனென்றால் அது தெரியாமல் பயன்படுத்தினால் தப்பான இடத்தில் பயன்படுத்துவோம். நெதர்லாந்தைச் சேர்ந்த எட்வின் வெஸ்ட்ஹாஃப் என்ற போட்டோகிராபர், போட்டோகிராபி கற்றுக்கொடுப்பவரும்கூட, 2006ல் சொன்ன விஷயம் இது. படத்தை ஒன்பது கட்டமாகப் பிரித்து, முக்கியமானதைக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில் வைக்கச் சொல்லும் ரூல் ஆஃப் தேர்ட்ஸ் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று படங்களின் மேல் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், கலைஞர் முக்கியம் என்று நினைத்த சின்னச் சின்ன விவரங்கள், கண், கை, கையில் இருக்கும் பொருள் இந்த மாதிரி, பல படங்களில் இந்த 45 டிகிரிக் கோடுகளின் மேல் வந்து உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார். வேண்டுமென்று வைத்தது இல்லை, கை போன போக்கில் அமைந்தது என்பதுதான் அவர் சொன்னதில் முக்கியமான பகுதி.

ஆக, இந்தக் கோடு படத்தில் சாய்வாக ஓடுகிற கயிறு, படிக்கட்டு, ரோடு இதற்காகப் போட்டதே இல்லை. கண் எங்கே விழுகிறது, விரல் எங்கே விழுகிறது என்று பார்க்கிறதற்காகப் போட்டது. ராமேஸ்வரம் சன்னதித் தெருவில் சங்கு, பாசிமணி விற்கும் ஒரு அம்மாவை எடுத்த படம் என்னிடம் உண்டு. அவர் இடது பக்கம் உட்கார்ந்து மாலையைக் கோத்துக்கொண்டிருக்கிறார், படத்தில் சாய்கோடு என்று சொல்ல எதுவுமே இல்லை. ஆனால் டயகனலைப் போட்டால் கண் ஒரு கோட்டின் மேலும், ஊசி பிடித்திருக்கிற விரல் நுனி அதே கோட்டின் கீழ்ப்பகுதியிலும் வருகிறது. அந்தப் படம் ஏன் பிடித்திருக்கிறது என்று எனக்கே தெரியாமல் இருந்தது, இப்போது கொஞ்சம் தெரிகிறது. அதற்காக அடுத்த படத்தில் விரலைக் கொண்டுபோய்க் கோட்டில் வைக்க முடியுமா? முடியாது, வைக்கவும் கூடாது. தானாக அமைவதைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்பை விதியாக மாற்றினால் அதில் பாதி போய்விடும்.

கணக்கில் ஆர்வம் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். அதில் ரூல் ஆஃப் தேர்ட்ஸ் சொல்லும் நான்கு புள்ளிகளும் இந்த 45 டிகிரிக் கோடு எதிலும் விழாது, பக்கத்துக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர் தள்ளியே இருக்கும். 36 சென்டிமீட்டர் அகலத்துக்கு பிரிண்ட் போட்டால் 2.8 சென்டிமீட்டர், கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற தூரம். அதாவது ஒரே மெனுவில் இருக்கும் இரண்டு கைடும் (வழிகாட்டிக் கோடுகளும்) ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. இரண்டையும் திருப்திப்படுத்த நினைத்து கிராப்பை இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம்.

இன்ஸ்டாகிராமுக்காக 1:1 சதுரமாக வெட்டுகிறவர்களுக்கு டயகனல் இன்னும் குறைவாகத்தான் உதவும். சதுரத்தில் நான்கு கோடும் இரண்டாகச் சுருங்கி ஒரு பெருக்கல் குறி மட்டும் மிஞ்சும். முகத்தை நடுவில் வைத்தாலே அது பொருந்திவிடும். அப்புறம் அதைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வது?

இனி டிரையாங்கிள். எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு முழு மூலைவிட்டம், மிச்சமிருக்கும் இரண்டு மூலையிலிருந்தும் அந்த மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக வந்து முட்டுகிற இரண்டு கோடு. மொத்தம் மூன்றே கோடுதான். ஷிஃப்ட்டோடு ஓ அடித்தால் அப்படியே திரும்பிக்கொள்ளும், இடது கீழிருந்து வலது மேலே போன கோடு இடது மேலிருந்து வலது கீழே வரும்.

3:2 படத்தில் முழு மூலைவிட்டம் தரையோடு ஏறக்குறைய 33.7 டிகிரி சாய்ந்திருக்கும், அதற்கு எதிராக வரும் இரண்டும் 56.3 டிகிரி. போனில் எடுக்கும் 4:3 படம் என்றால் முதல் கோடு 36.9 டிகிரிக்கு ஏறும். 16:9 என்றால் 29.4க்கு இறங்கும். இன்னொரு நல்ல விஷயம், 3:2ல் இந்தச் செங்குத்துக் கோடுகள் மூலைவிட்டத்தைத் தொடும் இரண்டு இடமும் ரூல் ஆஃப் தேர்ட்ஸ் புள்ளிகளுக்குக் கிட்டத்தட்ட பக்கத்திலேயே வந்துவிடும். அதனால் இதுவரை ஒன்பது கட்டத்தை வைத்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதாகத் தோன்றாது, ஏற்கெனவே தெரிந்த புள்ளிகளைச் சாய்வாக இணைத்துக் காட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

இதை ஒரு படத்தை வைத்துச் சொன்னால்தான் விளங்கும். தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பதை எடுத்த படம். கரைவலை பார்க்காதவர்களுக்கு: வலையைப் படகில் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலில் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுப்பார்கள். ஆணும் பெண்ணும் வயசானவர்களும் எல்லாரும் இழுப்பார்கள். வலையின் மடி கரைக்கு வர நேரம் பிடிக்கும், அதுவரை ஒரே அசைவு திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருக்கும், அதனால் படம் எடுப்பவனுக்கு வேண்டிய அளவு வாய்ப்பு கிடைக்கும். வெறுமனே கேமராவோடு சுற்றினால் ஒரு அண்ணன் விடமாட்டார். "என்ன தம்பி, போட்டா மட்டும் எடுத்தா எப்படி, வந்து ஒரு கை புடி" என்பார். பிடித்துப் பாருங்கள், கயிறு எந்தப் பக்கம் இழுக்கிறது, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தோளுக்குத் தெரிந்த பிறகு எங்கே நின்று எடுக்க வேண்டும் என்பதும் சுலபமாகத் தெரிந்துவிடும்.

நின்ற உயரத்திலிருந்து கடலைப் பார்த்து எடுத்தால் கடல் படத்தின் மேல்பாதியிலும் மணல் கீழ்ப்பாதியிலும் இருக்கும். கயிறு இடது மேலே தண்ணீருக்குள்ளிருந்து கிளம்பி வலது கீழே இழுப்பவர்கள் கைக்கு வருகிறது. இழுப்பவர்கள் காலை முன்னால் ஊன்றி உடம்பைப் பின்னால் சாய்க்கிறார்கள். கயிறு ஒரு பக்கம் சாய்கிறது, உடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது, இரண்டும் சந்திக்கிற இடத்தில் கை. டிரையாங்கிளைப் போட்டால் கயிறு முழு மூலைவிட்டத்தோடு ஓடுகிறது, முன்னால் நிற்பவரின் முதுகு அந்த 56 டிகிரிக் கோட்டோடு ஒட்டி நிற்கிறது, முடிச்சுப் போட்ட மாதிரி அவர் முஷ்டி இரண்டும் சேருமிடத்தில் இருக்கிறது.

ஒரு கோடு மட்டும் சாய்ந்திருந்தால் படம் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். பார்க்கிற கண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து வலது கீழ் மூலை வழியாக வெளியே போய்விடும். எதிர்ப்பக்கம் சாய்கிற இன்னொன்று வந்து குறுக்கே நின்றால்தான் இழுப்பு என்பது படத்தில் தெரியும். இது டிரையாங்கிளின் மூன்று கோட்டைப் பார்த்தவுடனே மண்டையில் ஏறிவிடும். டயகனல் கம்போசிஷன் என்று இணையத்தில் எழுதுகிற பலரும் ஒரு ரயில் தண்டவாளம், ஒரு படிக்கட்டு, ஒரு வேலி என்று ஒற்றைக் கோட்டைக் காட்டிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். எதிர்க்கோட்டைப் பற்றிப் பேச்சே இருக்காது.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கேட்கிற கேள்வி, ஆட்கள் எல்லாரும் ஒரே அளவு சாய்ந்திருக்கிறார்களே, எப்படி என்று. அது கேமராவில் வருகிற விஷயம் இல்லை. பாட்டோடு இழுப்பார்கள், ஏலேலோ என்று குரல் ஏறி இறங்கும், இறங்குகிற இடத்தில் எல்லாரும் சேர்ந்து சாய்வார்கள். காதைக் கொடுத்துக்கொண்டிருந்தால் எப்போது அழுத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். நடுவில் அழுத்தினால் ஒருவர் நேராக நிற்பார், ஒருவர் குனிந்திருப்பார், படத்தில் சாய்வு சிதறிப்போகும்.

சரி, டிரையாங்கிளில் குறையே இல்லையா என்றால், உண்டு. அது காட்டும் கோடு மூலையில் போய்ச் சரியாக முட்டுகிறதால், நம் படத்துக் கோட்டையும் மூலையில் முட்ட வைத்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். கயிற்றை மூலையோடு துல்லியமாகப் பொருத்தி ஒரு கிராப், மூலைக்குக் கொஞ்சம் கீழே இடது விளிம்பில் கயிறு உள்ளே நுழைகிற மாதிரி இன்னொரு கிராப் செய்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். துல்லியமாக முட்டியது வரைபடம் மாதிரி இருக்கிறது, கண் நேராக மூலைக்குப் போகிறது. கொஞ்சம் விலகியதில் கயிறு எங்கோ தொலைவிலிருந்து வருகிறது என்ற எண்ணம் வருகிறது. ஆகவே கைடைப் போட்டுப் பொருத்திவிட்டு, பிறகு ஒரு விரல் நகத்தளவு விலக்கிவிடுங்கள் என்பதுதான் என் பழக்கம்.

ஷிஃப்ட் ஓ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இடது கீழிருந்து வலது மேலே போகும் கோடு ஏறுகிற மாதிரி, இடது மேலிருந்து வலது கீழே வருவது இறங்குகிற மாதிரி என்று சொல்வார்கள். இடமிருந்து வலமாகப் படிக்கிற நமக்கு அது ஓரளவு பொருந்துகிறது. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் போட்டோ மெனுவில் ஃபிளிப் ஹரிசான்டல் இருக்கிறது, அழுத்திப் பாருங்கள். கரைவலைப் படத்தைத் திருப்பினால் ஆட்கள் கடலைத் தங்கள் பக்கம் இழுப்பது போய், கடலை நோக்கி மேலேறப் போகிறவர்கள் மாதிரி ஆகிவிடுகிறது. அதே படம், அதே வெளிச்சம். ஆனால் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிடுங்கள். திருப்பிய படத்தையே வெளியிடுகிறவர்கள் இருக்கிறார்கள், படகில் எழுதியிருக்கும் பெயரை யாராவது படிக்கப் போனால் தெரிந்துவிடும்.

இப்போது அதிகம் பேர் செய்கிற ஒரு காரியத்துக்கு வருகிறேன். சாய்கோடு வேண்டும் என்று கிராப்பில் ஆங்கிள் ஸ்லைடரைப் பிடித்து இழுப்பது. அது இரண்டு பக்கமும் 45 டிகிரி வரை போகும், போகும் என்பதால் போகலாம் என்று அர்த்தம் இல்லை. 3:2 அளவை மாற்றாமல் படத்தை 5 டிகிரி சாய்த்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிக்சல் வெளியே போய்விடும். 10 டிகிரிக்கு 35 சதவீதம் போச்சு, 24 மெகாபிக்சல் படம் பதினைந்தரைக்கு வந்து நிற்கும். 20 டிகிரி சாய்த்தால் பாதிக்கும் மேல் காலி. பிக்சல் போனால் போகட்டும் என்றாலும், ஓரத்தில் நின்ற ஆட்களின் கை கால் போய்விடும், அதுதான் பெரிய நஷ்டம். சாய்க்க வேண்டும் என்று முடிவு செய்தால் எடுக்கும்போதே கேமராவைச் சாய்த்துவிடுங்கள், முழு சென்சாரும் உங்களுக்குத்தான்.

அதையும் தயங்கித் தயங்கிச் செய்யக்கூடாது. மூன்று டிகிரி சாய்ந்தால் கை ஆடிவிட்டது என்று நினைப்பார்கள், கடல் ஒரு பக்கம் வடிகிற மாதிரி இருக்கும். இருபதைத் தாண்டினால்தான் வேண்டுமென்று செய்தது தெரியும். சோவியத் போட்டோகிராபர் அலெக்சாண்டர் ரோட்செங்கோ இதில் கில்லாடி. 1928ல் லைக்கா கேமரா கைக்கு வந்த பிறகு அவர் எடுத்தவற்றில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அகலமான படிக்கட்டில் ஏறுகிற படம் ஒன்று, 1930 வாக்கில் எடுத்தது. படிகளும் படிகளின் நிழலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளாக முழு ஃப்ரேமையும் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும், அந்தப் பெண் மட்டும் அதற்குக் குறுக்கே நடந்து போவாள். பாருங்கள், அங்கும் எதிர்க்கோடு இருக்கிறது. சிறிய கேமரா என்பதால் கண்ணில் வைத்து எப்படியும் திருப்ப முடிந்தது, ஸ்டாண்டில் நிறுத்தி எடுக்கிற பெரிய பெட்டிக் கேமராவில் இது லேசில் நடக்கிற காரியம் இல்லை. இப்படிக் கோணலாக எடுப்பதற்காக அந்தக் காலத்திலேயே அவர் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று ஏச்சும் வாங்கினார்.

லைட்ரூம் என்ன கைடு கொடுத்தாலும் ஒன்றை அதனால் செய்ய முடியாது. படத்துக்குள் இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்கும் கோணத்தை கிராப் மாற்றாது, சாய்த்தாலும் மாறாது, எல்லாம் சேர்ந்தே திரும்பும். படத்தையே வளைத்து நீட்டுகிற டிரான்ஸ்ஃபார்ம் பேனலைப் பிடித்து இழுத்தால் மாறும்தான், கூடவே மனிதர்களும் நீண்டும் சப்பியும் போவார்கள். அந்தக் கோணம் நாம் எங்கே நிற்கிறோம், லென்ஸை எவ்வளவு தாழ்வாக வைக்கிறோம் என்பதில்தான் முடிவாகிறது.

பாம்பன் இதற்கு நல்ல உதாரணம். 1988ல் திறந்த ரோட்டுப் பாலத்தில் நின்றுகொண்டு எல்லாரும் பக்கத்தில் இருக்கும் ரயில் பாலத்தை எடுக்கிறார்கள். 1914ல் திறந்த பழைய பாலமானாலும் சரி, 2025 ஏப்ரலில் திறந்த செங்குத்தாகத் தூக்கும் புதுப் பாலமானாலும் சரி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நேர் எதிரே பார்த்து எடுத்தால் பாலம் படுக்கைக் கோடாக, இடமிருந்து வலம் தட்டையாகப் போகும். தகவலுக்கு நல்ல படம், அவ்வளவுதான். அதே இடத்தில் உடம்பைத் திருப்பி, பாலத்தின் நீளத்தை நோக்கி எடுத்தால் தண்டவாளம் கீழ் மூலையிலிருந்து கிளம்பித் தீவை நோக்கிச் சாய்வாக ஓடும், தூண்கள் ஒவ்வொன்றாகச் சின்னதாகிக்கொண்டே போகும். அகலமாகக் காட்டுகிற வைடு லென்ஸ் போட்டால் பக்கத்துத் தூண் பெரிதாகிச் சாய்வு இன்னும் கூடும், தொலைவை இழுத்துக் காட்டுகிற டெலி லென்ஸ் போட்டால் தூண்கள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். நேராக எடுத்த படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து எந்தக் கைடைப் போட்டாலும் அந்த ஓட்டம் வராது. ரோட்டுப் பாலத்தில் வண்டிகள் வேகமாக வரும், ஓரமாக நில்லுங்கள், அதுவும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் எடுக்கும்போதே கோட்டைக் காட்டுகிற கேமரா வேண்டுமே என்று கேட்பீர்கள். இருக்கிறது. கேனான் மெனுவில் கிரிட் டிஸ்பிளேயில் 3×3, 6×4 இரண்டோடு 3×3 பிளஸ் டயகனல் என்று மூன்றாவது ஒன்று உண்டு. சோனி ஆல்ஃபாவில் டயகனல் பிளஸ் ஸ்கொயர் கிரிட். இரண்டிலும் வருவது மூலைக்கு மூலை போகிற பெருக்கல் குறி, லைட்ரூம் டயகனலின் 45 டிகிரிக் கோடு இல்லை. ஒன்றில் பழகிவிட்டு இன்னொன்றில் தேடினால் கிடைக்காது.

கேமராவில் அதைப் போட்டு எடுப்பது எனக்குச் சரிப்படவில்லை. வியூஃபைண்டருக்குள் நேர்க்கோடு, குறுக்குக்கோடு, சாய்கோடு எல்லாம் சேர்ந்து ஜன்னல் கம்பி வழியாகத் தெருவைப் பார்க்கிற மாதிரி ஆகிவிடுகிறது. ஆளின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டிய நேரத்தில் கண் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். கட்டடம், இன்டீரியர், பொருள் படம் எடுப்பவர்கள் ஸ்டாண்டில் வைத்து நிதானமாக எடுப்பார்கள், அவர்களுக்கு அது உதவலாம். நடமாட்டம் உள்ள இடத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கேமரா நேராக இருக்கிறதா என்று காட்டும் லெவல் மட்டும் வைத்துக்கொள்வது மேல். அடிவானம் நேராக இருந்தால்தான் சாய்ந்த கயிறு சாய்ந்ததாகத் தெரியும். ஐபோனில்கூட ஐஓஎஸ் 17லிருந்து லெவல் தனியாக வந்துவிட்டது, கேமரா செட்டிங்கில் ஆன் செய்தால் போதும்.

கைடே தேவைப்படாமல் தானாகப் பொருந்துகிற இடமும் உலகத்தில் இருக்கிறது என்பதற்காக ஒன்று. டெல்லி ஜந்தர் மந்தரில் சாம்ராட் யந்திரம் என்று பெரிய சூரிய கடிகாரம் இருக்கிறது. அதன் நடுவில் நிற்கும் முக்கோணச் சுவரின் சாய்வு அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும், டெல்லிக்கு அது ஏறக்குறைய 28.6 டிகிரி. 16:9 ஃப்ரேமின் மூலைவிட்டம் 29.4. கிழக்கிலோ மேற்கிலோ கொஞ்சம் தள்ளி நின்று, கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்காமல் நேராகப் பிடித்து 16:9ல் எடுத்தால் சுவர் மூலைக்கு மூலை போய் நிற்கும். ஜெய்ப்பூரில் இருப்பது இதைவிடப் பெரியது, அங்கே 27 டிகிரி, கொஞ்சம் படுக்கையாக இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் வானத்தைப் பார்க்கக் கட்டியவருக்கு நம் டிவி அளவு தெரிந்திருக்க நியாயம் இல்லை. ஆனால் பக்கத்தில் போய் அண்ணாந்து எடுத்தால் இந்தக் கணக்கெல்லாம் கலைந்துவிடும், சுவர் நிமிர்ந்துவிடும்.

ஓ விசையைத் தட்டிக்கொண்டே போனால் வரும் மற்றவற்றில் சுருள் வடிவில் வரும் கோல்டன் ஸ்பைரல் பற்றி மட்டும் ஒரு வரி. எந்தப் படத்தின் மேல் போட்டாலும் எங்காவது ஒரு இடத்தில் பொருந்தத்தான் செய்யும், ஷிஃப்ட் ஓ அடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் கட்டாயம் பொருந்தும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மார்க் போட வேண்டும் என்றால் டிரையாங்கிளுக்கு ஐந்துக்கு நான்கு. டயகனலுக்கு ஐந்துக்கு மூன்று, அதுவும் போர்ட்ரெய்ட், தெரு ஓரப் படம் எடுப்பவர்களுக்குத்தான், கண்ணும் கையும் இருக்கிற படங்களுக்கு. இயற்கைக் காட்சி மட்டும் எடுப்பவர்கள் அதைத் திறக்கவே வேண்டாம். பயன்படுத்தும் முறையிலும் ஒன்று சொல்கிறேன். புதுப் படத்தை வெட்டுவதற்கு முன்னால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற, மற்றவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பழைய படங்களைத் திறந்து அவற்றின் மேல் டிரையாங்கிளைப் போட்டுப் பாருங்கள். எங்கே உடம்பு சாய்ந்திருக்கிறது, எங்கே நிழல் எதிராக வருகிறது என்று கோடு காட்டிக்கொடுக்கும். அடுத்த முறை வெளியில் போகும்போது அதே மாதிரி இரண்டு சாய்வு சந்திக்கிற இடத்தைக் கால் தானாகத் தேடிப் போகும். வெட்டுகிற கருவி என்பதைவிடப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிற கருவியாகத்தான் இது எனக்கு உதவியது.

ஓ தட்டும்போது தேவையில்லாதது எல்லாம் நடுவில் வந்து எரிச்சலாக இருந்தால், டூல்ஸ் மெனுவில் கிராப் கைடு ஓவர்லேக்குள் போய் எவை சுற்றி வர வேண்டும் என்று தேர்வு செய்யலாம். தேர்ட்ஸ், டிரையாங்கிள், டயகனல் மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

கடைசியாகப் பணம். இந்த இரண்டு கைடுக்காக லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்டாதீர்கள், நிச்சயமாக வேண்டாம். ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தால் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இல்லாதவர்களுக்கு டார்க்டேபிள் என்ற மென்பொருள் இலவசம், அதன் கிராப்பில் டயகனல் மெத்தட் என்றும் ஹார்மோனியஸ் டிரையாங்கிள் என்றும் இதே இரண்டும் இருக்கின்றன. ராதெரபீயிலும் ஜிம்ப்பிலும் டயகனல் கைடு உண்டு, அவையும் இலவசம்தான். டார்க்டேபிள் முதலில் கொஞ்சம் மிரட்டும், பட்டன் எங்கே இருக்கிறது என்று தேட வைக்கும். கிராப் மட்டும் தனியாக ஒரு மாட்யூலாக இருக்கிறது, அதன் பெயரைத் தேடல் பெட்டியில் அடித்தால் வந்துவிடும், கைடை அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.